கோபுடோ: பிளாக் பெல்ட் வாங்கியாச்சு, அப்புறம்?

பிளாக் பெல்ட் வாங்கினால் மாஸ்டர் என்று நினைக்கிறீர்களா? ஜப்பானின் ஒகினாவாவில் வளர்ந்த ஆயுதக் கலையான கோபுடோவில் முதல் பிளாக் பெல்ட்டின் பெயர் ‘ஷோடான்’. பொருளே ‘தொடக்கப் படி’தான்.

எத்தனை படி?

பொதுவாக 10 டான். ‘கோ’ என்ற பலகை விளையாட்டில் இருந்த இந்த முறையை 1883-ல் ஜூடோவுக்குக் கொண்டுவந்தவர் ஜிகோரோ கானோ. பிறகு கராத்தே, கோபுடோவுக்கும் பரவியது.

எப்படி ஏறுவது?

நீண்ட கம்பு, மூன்று முனை சாய், நுஞ்சாக்கு, கதிர் அரிவாள் என ஒவ்வொன்றுக்கும் ‘காட்டா’ எனும் அசைவு வரிசை உண்டு. அதைச் செய்துகாட்ட வேண்டும். மேலே போகப் போக, அடுத்த தேர்வுக்கான காத்திருப்பும் நீளும்.

எதைக் கவனிக்கணும்?

எல்லா அமைப்புக்கும் பொதுவான தேர்வு கிடையாது. கராத்தே பிளாக் பெல்ட் இங்கே செல்லும் என்ற கட்டாயமும் இல்லை. பணம் கட்டும் முன், சான்றிதழை யார் ஏற்பார்கள் என்று கேட்டுவிடுங்கள்.