துப்பாக்கிப் பயிற்சிக்குப் போகிறவர் காதுக்கு எந்த மூடி வாங்குவது?

மும்பை தாராவியில் எங்கள் வரிசையில் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் இருக்கிறார். சொந்த ஊர் வேலூர் பக்கம். இப்போது காவல் வேலை. அவரிடம் பேச வேண்டுமானால் வலது பக்கமாகப் போய் நிற்க வேண்டும். இடது காது ஏறக்குறைய போய்விட்டது.

அது ஏன் இடது காது? வலது தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுகிறவருக்கு, இடது காதுதான் குழல் பக்கம் திரும்பி இருக்கும். வலது காதைத் தலையே ஓரளவு மறைத்துவிடும். இதை அவரே எனக்குச் சொன்னார்.

"அப்போது காதில் பஞ்சு வைப்போம் தம்பி. அதையும் சில நாள் எடுத்து எறிந்துவிடுவேன். வாலிப முறுக்கு!" என்றார்.

அவருடைய மகள் கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைபிள் பிடித்துப் பழகியவர். இப்போது ரைபிள் கிளப்பில் சேர்ந்திருக்கிறார். காதுக்கு எலெக்ட்ரானிக் மூடி வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "நீயும் கூட வா தம்பி. கடைக்காரன் சொல்வது எனக்குக் கேட்காது" என்று அப்பா என்னை அழைத்தார். போனேன்.

ஒரே வெடி போதும்

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிப்படி 8 மணி நேர வேலைக்கு ஒலி அளவு 90 டெசிபல். வெடி போன்ற திடீர் ஓசை 140 டெசிபலைத் தாண்டவே கூடாது.

சிறியது என்று நாம் நினைக்கும் .22 ரைபிளே ஏறத்தாழ 140-ஐத் தொடும். கைத்துப்பாக்கியும் 12 போர் துப்பாக்கியும் 150-க்கு மேல் போகும். பத்துதானே கூடுதல் என்று நினைக்க வேண்டாம். டெசிபல் கணக்கில் 3 கூடினாலே ஒலியின் சக்தி இரட்டிப்பு.

உட்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சுக் குரல்கள்தான். பெண்கள், குழந்தைகள் பேச்சு புரியாமல் போகும்.

"மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் பேசியது பாதி எனக்குப் புரிந்ததே இல்லை" என்று அவர் சொன்னபோது, மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எலெக்ட்ரானிக் என்ன செய்கிறது?

கடைக்காரர் இரண்டு வகை எடுத்து வைத்தார். சாதாரண மூடி சில நூறு ரூபாய். எலெக்ட்ரானிக் மூடி சில ஆயிரம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெடிச் சத்தத்தைத் தடுப்பது எலெக்ட்ரானிக் பகுதி அல்ல. கிண்ணமும் அதன் மெத்தையும்தான். வெளியே இருக்கும் மைக், பேச்சை வாங்கி உள்ளே இருக்கும் சிறு ஒலிபெருக்கிக்குத் தருகிறது. பெரிய சத்தம் வந்ததும் அந்த வழி மட்டும் கண் இமைக்கும் நேரத்தில் அடங்கிவிடும். செல் தீர்ந்து போனாலும் மூடி மூடிதான்.

பின் எதற்கு இந்தக் கூடுதல் பணம்?

சாதாரண மூடி போட்டவருக்கு, ரேஞ்சு அதிகாரி "நிறுத்து" என்றால் சரியாகக் கேட்காது. என்ன என்று ஒரு பக்கம் தூக்கிப் பார்ப்பார். அந்த நொடியில் பக்கத்து ஆள் சுட்டுவிட்டால்? எலெக்ட்ரானிக் போட்டவருக்குத் தூக்க வேண்டிய வேலையே இல்லை. கொடுக்கிற பணம் அதற்குத்தான்.

போட்டுப் பார்த்து வாங்குங்கள்

மகளுக்கு மூக்குக் கண்ணாடி உண்டு. முதலில் போட்ட மூடியில், கண்ணாடிக் காம்பு புகுந்த இடத்தில் விரல் நுழையும் சந்து. அந்தச் சந்து வழியாகச் சத்தமும் நுழையும். மெத்தை மிருதுவாக இருக்கும் இன்னொன்று பொருந்தியது. கூந்தலையும் ஒதுக்கிவிட வேண்டும்.

அப்பா ஒரு கம்பை ரைபிள் போலத் தோளில் வைத்துக் காட்டச் சொன்னார். கிண்ணம் தடித்திருந்தால், கன்னத்தைக் கட்டையில் பதிக்கும்போது இடித்து மூடி விலகும். ரைபிளுக்கு மெல்லிய கிண்ணம்தான் ஏற்றது.

பெட்டியில் 22, 25 என்று தடுப்பு எண் போட்டிருப்பார்கள். அது சோதனைக் கூடத்து எண். வியர்த்த தலையில் அவ்வளவு கிடைக்காது. நான்கு சுவருக்குள் இருக்கும் ரேஞ்சு என்றால், காதுக்குள் நுரை அடைப்பானும் வைத்து, மேலே மூடியும் போட வேண்டும். இரண்டு எண்ணையும் கூட்டிவிடாதீர்கள். பெரிய எண்ணுக்கு மேல் 5 போலத்தான் கூடும்.

இரு பக்கமும் தனித்தனி மைக் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றே இருந்தால் குரல் எந்தத் திசை என்று தெரியாது. மெத்தை காய்ந்து வெடித்தால் மாற்ற உபரி மெத்தை கிடைக்குமா என்றும் கேளுங்கள். நம் வியர்வைக்கு அது அவசியம்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சர்வதேச சம்மேளன விதிப்படி, போட்டியாளர் ஒலி வாங்கும் கருவி உள்ள மூடியைப் போட்டிக் களத்தில் அணியக் கூடாது. அங்கே சாதாரண மூடிதான். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை, அப்பெண்ணுக்கே தெரிந்திருந்தது. அதனால் நுரை அடைப்பானும் சாதாரண மூடியும் சேர்த்து வாங்கினோம்.

(கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்து, 2019-ல் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற நம் இளவேனில் வாலறிவன் சுடுவது ஏர் ரைபிள். அதில் மருந்து வெடிப்பது இல்லை, சத்தமும் குறைவு.)

பில் போடும்போது அப்பா அந்த எலெக்ட்ரானிக் மூடியைத் தாமே மாட்டிக்கொண்டு திருகைத் திருகினார்.

"தம்பி, கடைக்காரன் பேசுவது கேட்கிறதே!" என்றார்.

"அண்ணே, இது செவிட்டுக் கருவி இல்லை. அதற்கு முதலில் டாக்டர் பார்க்க வேண்டும்" என்றேன். அவர் மூடியைக் கழற்றவில்லை. மகள் எதிரே நின்று ஏதோ மெல்லச் சொல்ல, இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வரும் திங்கட்கிழமை காதுப் பரிசோதனைக்கு அவரை அழைத்துப் போகிறேன். ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.