இருட்டுதான் செட்

‘தி பிக் காம்போ’ (1955) படத்தின் கடைசி ஷாட். விமானக் கொட்டகையின் வாசலில், வெண்மூட்டத்துக்கு முன்னால், ஓர் ஆணும் பெண்ணும் கன்னங்கரிய உருவங்களாக நிற்கிறார்கள். முகம் தெரியவில்லை. ஆனாலும் அந்த நள்ளிரவின் குளிர் நம்மைத் தொடுகிறது.

எப்படி? ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன் விளக்கை நடிகர்களுக்குப் பின்னால் வைத்தார். இதுவே பின்னொளி. தூய காற்றில் ஒளிக்கற்றை கண்ணில் படாது. மூட்டத்தின் நுண்துளிகள் ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கும்போது காற்றே வெள்ளைத் திரையாகிவிடும். டூரிங் டாக்கீஸில் பீடிப் புகைக்குள் புரொஜெக்டர் ஒளி பளிச்சென்று தெரிந்ததே, அதே இயற்பியல்தான்.

அன்றைய அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டுவது வழக்கம். துணைக்கு ஓடும் சின்னப் படம், ‘பி’ படம். அதற்குப் பணமும் குறைவு, நாளும் குறைவு. ஆனால் ஒளி படாத இடத்தில் சுவர் எழுப்ப வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம். இருட்டு, காசில்லாமல் கிடைத்த செட். ஹாலிவுட்டின் இருண்ட குற்றப் படங்களுக்குப் பிரெஞ்சு விமர்சகர்கள் 1946-இல் ‘பிலிம் நுவார்’ என்று பெயரிட்டார்கள். கறுப்புப் படம் என்று பொருள்.

‘டீட்டூர்’ (1945) படத்தில் நியூயார்க் தெரு என்பது பெரும்பாலும் பனிமூட்டம்தான். கதாநாயகன் அங்கிருந்து மேற்கே லாஸ் ஏஞ்சலஸ் போகிறான். வரைபடத்தில் மேற்கு இடப்பக்கம். காரும் திரையில் இடப்பக்கம் ஓட வேண்டுமே! நெகட்டிவைத் திருப்பிப் போட்டார்கள். அந்த ஷாட்களில் அமெரிக்கக் காரின் ஸ்டியரிங், நம்மூர்க் கார்போல வலப்பக்கம் வந்துவிட்டது.

‘கன் கிரேஸி’ (1950) படத்தின் வங்கிக் கொள்ளையில் கேமரா வங்கிக்குள் போவதே இல்லை. காரின் பின்புறத்திலேயே தங்கிவிடுகிறது. ஒரு சினிமாப் பாட்டு ஓடும் நேரம், மூன்று நிமிடத்துக்கு மேல், வெட்டே இல்லை. காதலன் உள்ளே. வெளியே காதலி, எதிர்ப்பட்ட போலீஸ்காரரிடம் சிரித்துப் பேசி நேரம் கடத்துகிறாள். உள்ளே நடப்பது தெரியாததால் அவளுடைய தவிப்பு நமக்கும் தொற்றுகிறது.

‘தி பிக் காம்போ’வில் ஒருவனைச் சுடுவதற்கு முன் அவன் காதுக்கருவியைக் கழற்றிவிடுகிறார்கள். அடுத்த கணம் நமக்கும் ஒலி இல்லை. துப்பாக்கிகள் மௌனமாகப் பொறி கக்குகின்றன. இருட்டு செய்த வேலையை இங்கே அமைதி செய்கிறது: காட்டாததை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது.

அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1992-இல் ‘டீட்டூர்’, 1998-இல் ‘கன் கிரேஸி’ இடம்பெற்றன. இவற்றைப் பார்க்க உட்காரும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இந்தப் படங்களில் பாதி வேலை இருட்டுடையது.