மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளின் நட்டுகள் தளர்வது ஏன்?

மட்டாஞ்சேரியிலிருந்து புறப்படும் மோட்டார் சைக்கிள் தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து, வில்லிங்டன் தீவு வழியாக எர்ணாகுளம் சென்று, கோதமங்கலம், அடிமாலி என்று கிழக்கே ஏறி, கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறை அடைகிறது. அதுவரை தார்ச்சாலையே. அதற்கப்பால் தேயிலைத் தோட்டங்களுக்குள் பிரியும் கற்பாதைகளில்தான் வண்டிக்குச் சோதனை ஏற்படுகிறது. இரண்டு நாள் சுற்றுப்பயணம் முடிந்து திரும்பும் களப் பணியாளரின் வண்டியில் கண்ணாடி தலை சாய்ந்திருக்கும். சாமான் தாங்கி கடகடவென்று ஆடும். மட்கார்டு தாங்கியின் போல்ட் ஒன்று காணாமலே போயிருக்கும். இவை சிறு தொல்லைகளே. ஆனால் இதே காரணத்தால் பிரேக்கைத் தாங்கும் போல்ட்டோ, சக்கர அச்சின் நட்டோ கழலுமானால், இறக்கத்தில் ஒரு வளைவிலேயே உயிருக்கு ஆபத்து நேரிடலாம்.

'வண்டி குலுங்கியதால் கழன்றது' என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மைதான். எவ்வளவு குலுங்கியும் கழலாத நட்டுகள் அதே வண்டியில் பல இருக்கின்றனவே!

போல்ட் என்பது உண்மையில் ஒரு வில்சுருள் எனக் கொள்ளலாம். நட்டை இறுக்கும்போது போல்ட்டின் தண்டு சிறிது நீள்கிறது. நீண்ட தண்டு பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதால், இடையிலுள்ள பாகங்கள் ஒன்றோடொன்று அழுத்தப்படுகின்றன. வண்டிகளில் சாதாரணமாகக் காணப்படும் 8 மில்லிமீட்டர் எஃகு போல்ட்டை முறைப்படி இறுக்கினால், அது ஏறக்குறைய ஒன்றரை டன் எடைக்குச் சமமான விசையுடன் பாகங்களைப் பற்றிக் கொள்ளும். அப்போதும் 40 மில்லிமீட்டர் நீளமுள்ள தண்டு நீள்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. அவ்வளவு விசையும் இந்தச் சிறு நீட்சியில் அடங்கியிருக்கிறது. தகட்டின் மேலிருந்த வண்ணப்பூச்சோ, அழுக்கோ, துருவோ நசுங்கி நூறில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அமிழ்ந்தாலும் பிடிப்பில் கணிசமான பகுதி போய்விடும். மெல்லிய தகட்டைப் பிடிக்கும் குட்டைப் போல்ட்டின் நீட்சி இன்னும் குறைவு. ஆகவே அதன் பிடிப்பு முழுவதுமே மறைந்து போகலாம். எண் பலகையும் மட்கார்டும் முதலில் ஆடத் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

பிடிப்பு குறைந்தபின் நிகழ்வதை ஓர் எளிய சோதனையால் வகுப்பில் விளக்கலாம். செங்கோண முக்கோணமாக வெட்டிய காகிதத்தைப் பென்சிலின் மேல் சுற்றினால், அதன் சாய்ந்த விளிம்பு மரையின் வடிவத்தைக் காட்டும். மரை என்பது சுற்றப்பட்ட ஒரு சாய்தளமே. சற்றே சாய்த்த பலகையில் ஒரு செங்கல்லை வைத்தால், உராய்வு காரணமாக அது நகராது நிற்கும். ஒரு நூலைக் கட்டி அதைக் குறுக்கே இழுத்தால், குறுக்கே நகரும் அதே வேளையில் அது கீழ்நோக்கியும் வழுகும். உராய்வு எப்போதும் நகர்ச்சிக்கு எதிர்த்திசையில் இயங்குவது. குறுக்கு நகர்ச்சியைத் தடுப்பதில் அது செலவாகிவிடுவதால், சரிவை எதிர்க்க ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நட்டுக்கும் இதுவே நேர்கிறது. 8 மில்லிமீட்டர் போல்ட்டில் மரையின் சரிவு மூன்று பாகையை ஒட்டியதே. உலோகங்களின் உராய்வு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட சரிவைத் தாங்கவல்லது. ஆகவே சும்மா இருக்கும் நட்டு தானாகக் கழலாது. ஆனால் பிடிப்புக் குறைந்த பாகங்கள் பக்கவாட்டில் வழுகத் தொடங்கினால், ஒவ்வொரு வழுகலிலும் நட்டு மிகச் சிறிதளவு திரும்புகிறது. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் இதைத் தெளிவாக நிறுவினார். போல்ட்டின் நீளவாக்கில் தாக்கும் அதிர்வைவிடக் குறுக்கே தாக்கும் அதிர்வே நட்டை விரைவில் கழற்றுகிறது என்று அவர் காட்டினார். அவர் பெயரால் வழங்கும் சோதனை முறை இன்றும் கையாளப்படுகிறது.

அதிர்வைத் தருவது கற்கள் மட்டுமல்ல. ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனத்தின் பழைய 346 சி.சி. புல்லட்டை நோக்குக. அதன் ஒற்றைப் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் ஓடுகிறது. நிமிடத்திற்கு 3,000 சுழற்சியில் இது விநாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. ஓட்டத்தின் முனைகளில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 450 மடங்கை எட்டிவிடும். எதிரெடைகள் இதில் ஒரு பகுதியையே சமன் செய்ய முடியும்; எஞ்சியது சட்டத்தில் இறங்குகிறது.

தளர்வைத் தடுக்கப் பட்டறைகளில் வழக்கமாக இடப்படுவது ஸ்பிரிங் வாஷர். அதன்மேல் மக்களுக்குள்ள நம்பிக்கை பெரிது; பயனோ சிறிது. நட்டு முழுதும் இறுகியதும் அது தட்டையாகிச் சாதாரண வாஷராகவே நின்றுவிடுகிறது. 1990-இல் வெளிவந்த அமெரிக்க நாசா நிறுவனத்தின் கையேடு, பூட்டும் வேலைக்கு இது பயனற்றது என்றே கூறுகிறது. ஸ்பானருடன் குழாயைச் சேர்த்துப் பலங்கொண்ட மட்டும் திருகுவதும் தீர்வன்று. அலுமினிய மரை உரிந்துவிடும். பாகங்கள் சந்திக்கும் பரப்பைத் துடைத்து, கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்சினால் இறுக்குவதே முதல் வேலை. புதிதாகப் பூட்டிய பாகத்தை முதல் நாள் ஓட்டத்திற்குப்பின் மறுபடி சோதிக்க வேண்டும். அமிழ்வது பெரும்பாலும் அப்போதே அமிழ்ந்துவிடும்.

இதற்கு மேலும் காப்பு தேவைப்படும் இடங்களில், காற்றுப் படாதபோது இறுகும் மரைப்பசை உதவும். அமெரிக்க வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் 1953-இல் இதை உருவாக்கினார். மரையில் எண்ணெய் இருந்தால் பசை சரிவரப் பிடிக்காது. நைலான் வளையமுள்ள நட்டும் நல்லதே. ஆனால் புகைக்குழாயின் வெப்பம் இரண்டுக்குமே ஆகாது. அச்சு நட்டுக்குக் கொத்தளம் போன்ற வெட்டுகளுள்ள நட்டும் குறுக்கு ஊசியும் சிறந்தவை. மாட்டுவண்டிக் கடையாணியின் வழித்தோன்றல் எனத்தக்க இவ்வூசி, உராய்வை நம்பாமல் வழியையே அடைத்து நிற்கிறது.

கொச்சியின் உப்புக் காற்றில் இன்னொரு மயக்கமும் உண்டு. துருவேறிய நட்டு ஸ்பானருக்கு அசையாததால் இறுக்கமாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது மரையில் சிக்கியிருக்கிறதே தவிர, தண்டில் இழுவிசை அற்றுப்போயிருக்கலாம். அத்தகைய நட்டைக் கழற்றிப் புதியதை இடுவதே தகும். துருவைத் தடுக்க மரையில் கிரீஸ் தடவினால் முறுக்கும் அளவையும் குறைக்க வேண்டும். இல்லையேல் உராய்வு குறைந்த மரையில் அதே முறுக்கு, போல்ட்டை மிகையாக நீட்டிவிடும்.

புறப்படுமுன் ஒவ்வொரு முக்கிய நட்டின்மேலும் அருகிலுள்ள பாகத்தின்மேலும் ஒரே கோடாக வண்ணம் தீட்டிவிட்டால், வழியில் ஸ்பானர் எடுக்காமலே நட்டு திரும்பியிருப்பதைக் கோட்டின் முறிவில் காணலாம். சக்கரக் கம்பிகளை ஒரு சிறு ஸ்பானரால் தட்ட வேண்டும். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். கழன்ற மட்கார்டைக் கட்டுக்கம்பியால் கட்டிக்கொண்டு ஊர் சேரலாம். பிரேக், கைப்பிடி, அச்சு ஆகியவற்றின் போல்ட் போயிருந்தாலோ, சரியான போல்ட் கிடைக்கும்வரை வண்டியை ஓட்டலாகாது.