பூகோளப் புத்தகத்துக்குள் இரும்புக்கை!
மதுரைப் பையன்களின் முழுப்பரீட்சை லீவு

மதுரை,

முழுப்பரீட்சை முடிகிற அன்று மதுரையில் எந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றாலும் அந்தக் காட்சி தெரியும். கடைசி மணி அடித்ததும் பையன்கள் 'ஓ'வென்று கத்திக்கொண்டு வெளியே பாய்வார்கள். பேனாவை உதறி ஒருவன் முதுகில் ஒருவன் மை அடிப்பான். வெள்ளைச் சட்டை நீலச் சட்டை ஆகிவிடும். அதற்கு வீட்டில் உதை உண்டு. ஆனால் என்ன? நாளை முதல் லீவு!

லீவு ஒரு மாதத்துக்கு மேல். கையில் காசு கிடையாது. வெயிலோ மண்டையைப் பிளக்கும். 13, 14 வயதுப் பையன் பொழுதை எப்படிப் போக்குவான்?

1970-களிலும் 80-களிலும் மதுரையில் அந்த வயதைக் கடந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆகி, காலையில் வாக்கிங் போகிறார்கள். அவர்களைக் கேட்டால் பாதிப் பேர் ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்கள்.

"மாயாவி!"

90 காசு மந்திரம்

1972 ஜனவரியில் சிவகாசியில் இருந்து வந்தது முத்து காமிக்ஸ். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. விலை 90 காசு. நடத்தியவர் சவுந்தரபாண்டியன். ஆரம்ப கால ஆசிரியர் முல்லை தங்கராசன்.

கதை இங்கிலாந்துச் சரக்கு. 1962-ல் லண்டனில் 'வேலியண்ட்' என்ற பையன்கள் பத்திரிகையில் வந்தது. படம் வரைந்தவர் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டுக்காரர். கதாநாயகனுக்கு வலது கை கிடையாது, அந்த இடத்தில் இரும்புக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் போதும், ஆள் மறைந்துவிடுவான்! கை மட்டும் அந்தரத்தில் மிதந்து வரும். ஜன்னலைத் திறக்கும். துப்பாக்கியைப் பிடுங்கும்.

லண்டன் பையனுக்கு எழுதிய கதை. அதைத் தமிழில் போட்டதும் செல்லூர்ப் பையனும் உசிலம்பட்டிப் பையனும் சொந்தக் கதை மாதிரி பிடித்துக்கொண்டார்கள். பின்னாலேயே சி.ஐ.டி. லாரன்சும் டேவிட்டும் வந்தார்கள். ஜானி நீரோ வந்தான். மாயாவியோடு சேர்த்து இந்தக் கூட்டத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர் மும்மூர்த்திகள்!

அதற்கு முன்னாடி பையன்களுக்குப் படிக்க ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. அம்புலிமாமா 1947-லேயே வந்துவிட்டது. வேதாளத்தை முதுகில் தூக்கிக்கொண்டு விக்கிரமாதித்தன் மாசா மாசம் நடந்து கொண்டுதான் இருந்தான். கொஞ்சம் வளர்ந்த பையன்களுக்குத் தமிழ்வாணனின் துப்பறியும் சங்கர்லால் இருந்தார். ஆனாலும் அம்புலிமாமாவை அம்மா படித்துச் சொல்வாள். மாயாவியைத் தானே படிக்க வேண்டும். அதில்தான் ஒரு கெத்து!

வாடகைக்குப் புத்தகம்

90 காசு என்பது அன்றைக்குச் சின்னக் காசு இல்லை. டீக்கடையில் வேலை பார்க்கிற அப்பனிடம் போய் 'காமிக்ஸ் வாங்க காசு குடு' என்று எந்தப் பையன் கேட்பான்? கேட்டால் கன்னம் பழுக்கும்.

அதற்கும் வழி இருந்தது. தெருவுக்குத் தெரு வாடகை நூல் நிலையம். பெயர்தான் நூல் நிலையம். பார்த்தால் பெட்டிக்கடை அளவு இருக்கும். புத்தகத்துக்கு முரட்டு அட்டை போட்டு, ஊசியால் குத்தித் தைத்து வைத்திருப்பார்கள். ஒரு நாளைக்குச் சில பைசா வாடகை. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் பெரும்பாலும் இருக்காது. கொலைகாரன் யார் என்பது கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்!

"அண்ணே, புதுசு வந்திருச்சா?"

"வந்துச்சு தம்பி. ஒருத்தன் எடுத்துட்டுப் போயிருக்கான். சாயங்காலம் வா."

சாயங்காலம் வரைக்கும் பையனுக்குச் சோறு இறங்காது.

ஒரு புத்தகம் வாடகைக்கு எடுத்தால் நாலு பேர் படிப்பார்கள். ஒருத்தன் மடியில் புத்தகம், மூன்று பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். வேகமாகப் படிக்கிறவன் "திருப்புடா, திருப்புடா" என்று உயிரை வாங்குவான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் அவசர அவசரமாக ஓடி வந்து சேர்ந்துகொள்வான். வாத்தியார் பிரம்போடு நின்றும் வராத தமிழ், அந்த வேகத்தில் பலருக்கு வந்தது.

கோயில் பக்கம் போனால் புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்துக்குள்ளே தையல் மிஷின்கள் ஒரு பக்கம் கடகடக்க, வளையல் கடை, பாத்திரக் கடைகளுக்கு நடுவே புத்தகக் கடைகள். அங்கேதான் பாடப்புத்தகம் வாங்க அப்பா கூட்டிப் போவார். அப்பா பேரம் பேசுகிற நேரத்தில் நின்றபடியே நாலு பக்கம் கதை படித்துவிடுகிற கில்லாடிப் பையன்கள் உண்டு. அந்தக் கடைகள் இப்போது மண்டபத்தைக் காலி செய்து பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

அடுப்பில் போன மாயாவி

வீட்டில் காமிக்சுக்குப் பெயர் 'பொம்மைப் புத்தகம்'. பொம்மைப் புத்தகம் படிக்கிறவன் உருப்பட மாட்டான் என்பது அப்பாக்களின் சட்டம். அதனால் பூகோளப் புத்தகம்தான் கவசம். மேலே இந்திய வரைபடம், உள்ளே இரும்புக்கை!

"ஏன்டா, அரை மணி நேரமா ஒரே பக்கத்தையே பாக்குற?"

இந்தக் கேள்வி வந்தால் ஆட்டம் முடிந்தது. வாடகைப் புத்தகம் அடுப்புக்குப் போகும். பையனுக்கு அடியை விட, நூல் நிலையக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்பதே பெரிய கவலை.

அப்பாக்களையும் குறை சொல்வதற்கில்லை. வீட்டில் ஒருத்தன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினால் குடும்பமே மேலே வரும் என்று நம்பிய காலம் அது. கதைப் புத்தகம் படித்தவன் எல்லாம் கலெக்டர் ஆகவும் இல்லை. ஆனால் அடுப்பில் போன அந்தப் பழைய புத்தகங்களைத்தான் இன்று சேகரிப்பவர்கள் பழைய பேப்பர் கடை பழைய பேப்பர் கடையாகத் தேடி அலைகிறார்கள். கிடைத்தால் கேட்ட விலை கொடுக்கிறார்கள்.

17 வயது ஆசிரியர்

பொம்மைப் புத்தகம் படித்த பையன் ஒருவன் கதை இது. 1984-ல் அதே சிவகாசியில் லயன் காமிக்ஸ் ஆரம்பமானது. ஆசிரியர் எஸ்.விஜயன், சவுந்தரபாண்டியனின் மகன். அப்போது அவருக்கு வயது 17!

மற்ற பையன்கள் லீவில் காமிக்ஸ் படித்த வயதில் இவர் காமிக்ஸ் வெளியிட்டார். முதல் இதழில் மாடஸ்டி என்ற பெண் துப்பறிவாளர் கதை. பிறகு ஸ்பைடரை இறக்கினார். இந்த ஸ்பைடர் சிலந்தி மனிதன் இல்லை. குற்றவாளிகளுக்கு எல்லாம் ராஜாவாக ஆசைப்பட்ட கூர்மண்டை வில்லன். வில்லனே கதாநாயகன்! பையன்கள் கொத்திக்கொண்டு போனார்கள். அதே 1984-ல் ராணி காமிக்சும் ஜேம்ஸ் பாண்ட் கதையோடு களத்தில் குதித்தது. அந்த வருஷத்து லீவுப் பையன்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அதே ஊரில் லீவே இல்லாத பிள்ளைகள்

சிவகாசி மதுரைக்குத் தெற்கே சுமார் 70 கிலோ மீட்டர். காலண்டர், லேபிள் என்று கலர் அச்சில் நாட்டுக்கே பெயர் போன ஊர். இந்தியாவின் பையன்கள் படிக்கிற வண்ண அட்டைகள் அங்கே அச்சாயின.

அதே ஊரைச் சுற்றிய கரிசல் காட்டுக் கிராமங்களில் விடியுமுன் பஸ் வரும். தூக்கக் கலக்கத்தோடு சின்னப் பிள்ளைகள் ஏறுவார்கள். தீப்பெட்டி ஆபீசுக்கு! குச்சி அடுக்க வேண்டும், பெட்டி ஒட்ட வேண்டும். எத்தனை கட்டை அடுக்கினாயோ அத்தனைக்குக் கூலி. இருட்டிய பிறகு வீடு. அவர்களுக்கு முழுப்பரீட்சையும் இல்லை, லீவும் இல்லை. பெட்டியில் அச்சடித்திருந்த லேபிளைப் படிக்கத் தெரியாமலே ஒட்டிய பிள்ளைகள் அதில் எத்தனையோ பேர். பெண் பிள்ளைகளே அதிகம்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் பஸ் நின்றுவிடவில்லை. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்த முதலாளி, ஒரு பிள்ளைக்கு 20 ஆயிரம் ரூபாய் நிதியில் கட்ட வேண்டும் என்று அதில் உத்தரவு. அதற்குள் மாயாவி படித்த பையன்கள் கல்யாணம் முடித்து, தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் சேர்த்துவிட்டார்கள்.

மதுரை டவுனுக்குள்ளும் லீவு என்றால் வேலை என்றிருந்த பையன்கள் ஏராளம். சைக்கிள் கடை, அச்சாபீஸ், கீழமாசி வீதி மளிகைக் கடை. ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம் வாங்க அந்தக் கூலிதான். சிலர் ஜூன் வந்தும் பள்ளிக்குத் திரும்பவில்லை.

ஆறு, குளம், தியேட்டர்

புத்தகம் கிடைக்காத நேரத்துக்கு வைகை இருந்தது. தண்ணி இல்லாத வைகைதான்! ஆற்று மணலில் கிரிக்கெட். தென்னை மட்டைதான் பேட். தெப்பக்குளத்திலும் அதே கதை. திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய குளம், பையன்களுக்குப் பல வருஷம் மைதானம். இப்போது பனையூர்க் கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து குளம் நிறைகிறது. ஊருக்குச் சந்தோஷம். கிரிக்கெட் டீம்களுக்குத்தான் இடம் போச்சு!

சித்திரைத் திருவிழா லீவுக்குள்ளேயே வந்துவிடும். அழகர் வேஷம் கட்டியவர் பின்னாலேயே ஓடி, தோப்பரைத் தண்ணீரில் நனையாத பையன் மதுரைப் பையனே இல்லை. பிறகு தமுக்கம் பொருட்காட்சி. சினிமாவுக்குத் தங்கம் தியேட்டர். 1952-ல் 'பராசக்தி' படத்தோடு திறந்து, ஆசியாவிலேயே பெரிசு என்று பேர் வாங்கியது. அந்தத் தியேட்டர் இப்போது இல்லை.

அக்கா தங்கச்சி கதை வேறு. வயசுக்கு வந்த பெண்ணுக்கு லீவு என்றால் வீடு, மொட்டை மாடி, தாயக்கட்டம். நூல் நிலையத்துக்கு அவள் போக முடியாது. தம்பிதான் தூது. "டேய், ராணிமுத்து வாங்கிட்டு வாடா, முறுக்குத் தாரேன்" என்று லஞ்சம் கொடுத்து நாவல் வரவழைப்பாள். தம்பி வாடகையில் ரெண்டு பைசா அடித்துவிடுவான்.

நத்தம் ரோட்டில் ஏழு அடுக்கு

இன்றைய பையனுக்கு இந்தப் பாடே கிடையாது. கையில் செல்போன். கதை, கிரிக்கெட், சினிமா எல்லாம் அதற்குள்ளேயே. அப்பாவுக்கும் ஒளித்து வைக்க வேண்டியதில்லை. அவரும் ஒரு போனோடுதான் உட்கார்ந்திருக்கிறார்!

ஆனால் 2023 ஜூலை 15-ந் தேதி, காமராஜர் பிறந்த நாளில், புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். 2 லட்சத்து 13 ஆயிரம் சதுர அடி. தரைத் தளத்துக்கு மேல் 6 மாடி. தொடக்கத்திலேயே 3 லட்சத்துக்கு மேல் புத்தகம். குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, பார்வை இல்லாதவர்களுக்குத் தனிப் பிரிவு. உள்ளே போய் உட்கார்ந்து படிக்கக் காசு வேண்டாம். வாடகைக் கடை வாசலில் எட்டிப் பார்த்து நின்ற தலைமுறைக்கு இதை நம்பவே நேரம் பிடித்தது. அன்று தம்பியைத் தூது விட்ட அக்காவின் பேத்தி, இன்று அங்கே தானே பஸ் ஏறிப் போகலாம்.

ஒரு வம்பு மட்டும் உண்டு. அவனியாபுரத்திலோ விளாங்குடியிலோ இருக்கிற எட்டாம் வகுப்புப் பையன் இந்த வெயிலில் நத்தம் ரோட்டுக்குத் தினம் போக முடியுமா? அவனுக்குத் தெருமுனைக் கிளை நூலகம்தான் கதி. அது லீவு நாளில் எத்தனை மணிக்குத் திறக்கிறது, புதுப் புத்தகம் வந்து எத்தனை நாள் ஆச்சு என்று அந்தந்த ஏரியாக்காரர்கள் போய்ப் பார்க்கலாம். பார்க்க உரிமையும் உண்டு. 1948-ல் சுதந்திர இந்தியாவிலேயே முதல் முறையாகச் சென்னை மாகாணத்தில்தான் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. கடைக்கும் அதே கணக்கு. ஆயிரம் ரூபாய் வரி கட்டினால் 100 ரூபாய் புத்தகத்துக்கு. ரசீதை எடுத்துப் பாருங்கள்!

தூத்துக்குடியில் பொன்.மாரியப்பன் என்ற முடிதிருத்தும் கலைஞர் சலூனிலேயே நூலகம் வைத்தார். முடி வெட்டக் காத்திருக்கிறவர் புத்தகம் படித்தால் கட்டணத்தில் தள்ளுபடி! 2020 அக்டோபரில் பிரதமர் மோடி ரேடியோவில் அவரோடு பேசி, தமிழிலும் நாலு வார்த்தை விசாரித்தார். மாரியப்பன் எட்டாவதோடு பள்ளியை விட்டவர்.

நரைத்த பையன்கள்

நடுவில் படுத்துப்போன லயன், முத்து காமிக்ஸ்கள் 2012-ல் மறுபடி எழுந்தன. முத்துவுக்கு 2022-ல் 50 வயது முடிந்தது. இன்னமும் சிவகாசியில் இருந்துதான் வருகிறது. பளபளக் காகிதம், கெட்டி அட்டை. விலை நூற்றுக் கணக்கில். 90 காசு எங்கே, இது எங்கே!

வாங்குகிறவர்களில் சின்னப் பையன்கள் கம்மி. ஈரோடு புத்தகத் திருவிழா வந்தால் ரசிகர்கள் ஊர் ஊராகக் கிளம்பிப் போய்க் கூடுகிறார்கள். எல்லாம் தலை நரைத்த, கண்ணாடி போட்ட பையன்கள். வீட்டுக்கு வந்து பார்சலைப் பிரித்தால் அப்பாவுக்குப் பதில் இப்போது வேறு ஆள் இடுப்பில் கை வைத்து நிற்கிறது.

"ஏங்க, இந்த வயசுல பொம்மைப் புத்தகமா?"