'தொழிலாளியின் கவனக்குறைவு': பெருங் கம்பனிகளின் பாதுகாப்புத் திட்டங்கள் பற்றி ஒரு நோக்கு

தொழிலகப் பாதுகாப்பினைப் பொறியியலாளருக்கும் மருத்துவருக்கும் உரிய விடயமெனக் கருதி இலக்கிய மாணவர் ஒதுங்கிவிடுவதுண்டு. ஆயின் விபத்தொன்றை விவரிக்கும் வாக்கியத்தில் எழுவாயாக யார் நிறுத்தப்படுகின்றார் என்ற வினா எமது துறைக்கும் உரியதே.

1931 இல், அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனியொன்றின் அலுவலரான ஹைன்றிச், 75,000 விபத்துக்களை ஆராய்ந்து, அவற்றுள் 88 வீதமானவை தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயல்களால் நேர்ந்தவை என முடிவு கூறினார். இயந்திரத்தினதும் சூழலினதும் குறைபாடுகளுக்கு அவர் ஒதுக்கியது 10 வீதமே. அப்பதிவுகளுள் 63,000 ஆலை உடைமையாளரிடமிருந்து பெறப்பட்டவை என்பது மனங்கொள்ளத்தக்கது. குற்றஞ்சாட்டப்படக்கூடியவரே சாட்சியத்தையும் எழுதிக் கொடுத்தார்! பல தசாப்தங்களாகப் பெருங் கம்பனிகளின் பாதுகாப்புத் திட்டங்கள் இக்கருத்தினையே அடித்தளமாகக் கொண்டன. தலைக்கவசம், சுவரொட்டி, காலைநேர அறிவுரை, விபத்தில்லா நாட்களை எண்ணும் பலகை என யாவும் தொழிலாளியின் நடத்தையையே நோக்கின. இவை பயனற்றவை என்பதல்ல எமது வாதம். தலைக்கவசம் உயிர் காக்கின்றது. அக்கணக்கு எதனை மறைக்கின்றது என்பதே பிரச்சினை.

அமெரிக்காவின் ரெக்சாஸ் சிற்றியில் அன்று பி.பி. கம்பனிக்குச் சொந்தமாயிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்குவோம். 2004 இல் அங்கு பதிவான காயங்களின் வீதம் அத்துறையின் சராசரியிலும் மிகக் குறைவு. அதே ஆண்டில் அங்கு மூவர் இறந்தனர். 2005 மார்ச் 23 ஆம் திகதி, 170 அடி உயரக் கோபுரமொன்று மீள இயக்கப்பட்டபோது அதில் எரிதிரவம் அளவு மீறி நிரம்பியது. மட்டங்காட்டி பிழையாகக் காட்டியது. எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. மேலதிகத் திரவம் சென்றடைந்த கலத்தின் புகைபோக்கியோ வெளியே திறந்திருந்தது. ஆவிமுகில் தீப்பற்றி வெடித்ததில் 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். மாண்டோர் அனைவரும் ஒப்பந்தத் தொழிலாளர். அருகே நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக அலுவலகக் கூண்டுகளிலும் அவற்றின் அண்மையிலும் இருந்தோர்.

கம்பனியின் முதலறிக்கை ஆலைத் தொழிலாளர் மீதும் கீழ்மட்ட மேற்பார்வையாளர் மீதும் பழி சுமத்தியது. கட்டுப்பாட்டறையில் இருந்தவர் தவறினார் என்பது உண்மையே. அவர் 29 நாட்கள் தொடர்ச்சியாக, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை செய்தவர் என்பதும் உண்மை. அமெரிக்க இரசாயனப் பாதுகாப்புச் சபை 2007 இல் வெளியிட்ட அறிக்கை இதனைக் கூறுவதோடு, 1999 இல் நிலையான செலவினை 25 வீதத்தாற் குறைக்குமாறு மேலிடம் பணித்ததையும், அப்புகைபோக்கியை அகற்றிப் பாதுகாப்பான அமைப்பொன்றை நிறுவும் யோசனைகள் செலவு கருதிக் கைவிடப்பட்டதையும் எடுத்துக்காட்டுகின்றது. வழுக்கி விழுந்தவனின் காயம் பலகையில் ஏறுகின்றது. மூலதனத்தின் இத்தீர்மானங்களை எழுவாயாகக் கொண்ட வாக்கியத்திற்கு அங்கே இடமில்லை.

2010 ஏப்ரல் 20 ஆம் திகதி, மெக்சிக்கோ வளைகுடாவில் இதே கம்பனிக்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த 'டீப்வோட்டர் ஹொறைசன்' மேடைக்கு அதிகாரிகள் சிலர் வந்தனர். வேலைநாள் இழப்பிற்குக் காரணமான காயமெதுவுமின்றி ஏழாண்டுகள் கழிந்தமையைப் பாராட்டுவதும் அவ்வருகையின் நோக்கங்களுள் ஒன்று. அன்றிரவு மேடை வெடித்தது. 11 பேர் மாண்டனர்.