நோக்குவோனும் அணுவும்

மட்டாஞ்சேரிப் பண்டகசாலையொன்றில் ஒரு மூட்டை மிளகைத் தராசிலேற்றி நிறுப்பதாகக் கொள்வோம். ஒருமுறை நிறுத்தாலும் நூறுமுறை நிறுத்தாலும் எடை மாறாது. சிந்தும் மணிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டா. அணுவுலகிலோ இவ்வுறுதி இல்லை. அங்கே அளத்தலும் அப்பொருளுக்கு நேரும் ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது.

இதனைக் கூர்மையாக எடுத்துக்காட்டியவர் கேரளத்தவரே. கோட்டயத்தை அடுத்த பள்ளம் என்னும் ஊரில் 1931-ல் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற இ. சி. ஜி. சுதர்சன், பைத்யநாத் மிஸ்ராவுடன் சேர்ந்து 1977-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாறும் இயல்புடைய அமைப்பொன்றை இடைவிடாது அளந்துகொண்டேயிருப்பின் அது மாறாமலே நிற்கும் என்பது அதன் முடிவு. பறக்கும் அம்பு கணந்தோறும் நிற்கின்றதே என வாதிட்ட கிரேக்க அறிஞர் ஸீனோவின் பெயரால் இது வழங்குகிறது.

காரணம் கணக்கில் உள்ளது. அணு தன் நிலையை விட்டு நீங்கும் வாய்ப்பு, தொடக்கத்தில் காலத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. காலத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் வாய்ப்பு நூறில் ஒன்றாகும். ஒவ்வோர் அளவீடும் அணுவைத் தொடக்க நிலைக்கே மீட்பதால், பத்துத் துண்டுகளையும் கூட்டினாலும் முன்னிருந்த வாய்ப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கிட்டும்.

1990-ல் அமெரிக்காவில் இட்டானோ, வைன்லாண்டு முதலியோர் பெரிலிய அயனிகளைக்கொண்டு இதனைச் சோதித்தனர். வானொலி அலையால் அவற்றின் நிலையை முற்றும் மாற்ற 256 மில்லிசெகண்டு வேண்டும். அதற்குள் லேசர் ஒளித் துடிப்புகளால் இருமுறை அளந்தால் பாதி அயனிகளே மாறும். நான்கு முறையாயின் 8-ல் 3 பங்கு. 64 முறையாயின் 100-க்கு 4-ம் தேறாது. சோதனை இக்கணக்கோடு ஒத்திருந்தது.

இங்கு நோக்குவோன் யார்? மனிதக் கண்ணன்று, லேசர் ஒளியே. சிதறும் ஒளியை எவரும் பார்க்கவேண்டியதில்லை. மனம் அணுவை ஆள்கிறது என மாணவருக்குச் சொல்லும் ஆசிரியர் இதனைக் கருத்திற்கொள்வாராக. ஆயினும் அளவீடு எக்கட்டத்தில் நிறைவுறுகிறது என்பதில் அறிஞரிடையே இன்றும் உடன்பாடில்லை.

சவராக் கடற்கரை மணலிலுள்ள தோரியத்தை நோக்கியே அதன் சிதைவைத் தடுக்கலாமோ என மாணவர் வினவக்கூடும். இயலாது. வர்க்க விதி செல்லும் காலம் அங்கே எக்கருவிக்கும் எட்டாத அளவு குறுகியது. அதன்பின் வாய்ப்பு காலத்துக்கு நேர்விகிதத்தில் வளர்வதால், துண்டாக்குவதால் பயனில்லை. கெய்கர் கருவியை எத்துணை நேரம் வைத்திருப்பினும் மணலிலிருந்து எழும் துடிப்பொலி குறைவதில்லை.