சாரற் காலமும் காகிதப் பூத் தொழிலும்

குற்றாலத்து அருவிகளில் நீராட ஜனங்கள் பெருந்திரளாக வருவது ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில். மலைக் கணவாயின் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று வீசி, செங்கோட்டை, இலஞ்சி, தென்காசி முதலிய ஊர்களில் சாரல் விழுவதும் அம்மாதங்களில்தான். கைப்பொருள்களை விலை கொடுத்து வாங்குவோர் வரும் காலம் அதுவே. ஈரக் காகிதம் உலராத காலமும், உலர்ந்த காகிதம் தளர்ந்துபோகும் காலமும் அதுவே. காகிதப் பூச் செய்து விற்க விரும்புகின்ற சங்கத்தார் இவ்விஷயத்தை முதலில் மனத்திற் கொள்ளுதல் அவசியம். இத்தொழிலில் கைத்திறமை அரிதன்று. வெயிற் காலத்தில் செய்த சரக்கைச் சாரற் காலம் வரையில் விற்காமல் வைத்திருக்கும் சக்தியே அரிது. அச்சக்தி தனி ஆளுக்கு வாய்ப்பது கடினம், சங்கத்துக்கு வாய்க்கும்.

கைக்காகிதத்தின் நிலைமை

தமிழ்நாட்டில் நெடுங்காலம் எழுதுவதற்குப் பனையோலையே உபயோகத்தில் இருந்தது. வட தேசத்தில் காஷ்மீரம் முதலிய இடங்களில் கையால் காகிதம் செய்யும் தொழில் செழித்திருந்தது. ஆலைக் காகிதம் வந்ததும் அத்தொழில் ஒடுங்கிற்று. தென்காசிக்கு மேற்கே மலைக்கு அப்பாலுள்ள புனலூரில் 1888-ம் வருஷத்தில் ஒரு காகித ஆலை ஏற்பட்டது. 1904-ம் வருஷத்தில் செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை ரயில் பாதையும் வந்தது. ஆலைத் தாளின் விலைக்கு எழுதும் தாளைக் கையினால் செய்து தருதல் எவராலும் இயலாது என்பது அக்காலத்திலேயே வெளிப்படையாயிற்று.

1934-ம் வருஷ முடிவில் மகாத்மா காந்தியின் முயற்சியால் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் நிறுவப்பெற்றது. தஞ்சாவூரில் பிறந்தவரான ஜே. சி. குமரப்பா அதன் காரியதரிசியாக இருந்தார். அச்சங்கம் உயிர்ப்பிக்க முயன்ற தொழில்களுள் கைக்காகிதமும் ஒன்று. 1940-ம் வருஷத்தில் புனாவில் கைக்காகித நிலையம் ஒன்றும் தோன்றிற்று. இம்முயற்சிகளின் பின்னர் ஏற்பட்ட அனுபவத்தால் தெரியவருவது யாதெனில், ஆலை செய்யும் காரியத்தைக் கையால் செய்வதில் லாபம் இல்லை. ஆலைக்கு ஒவ்வாத காரியத்தைச் செய்வதில்தான் லாபம் உண்டு என்பதாம். அத்தகைய காரியங்களுள் காகிதப் பூ ஒன்று.

இதற்குக் காரணம் காகிதத்தின் இழையில் இருக்கிறது. ஆலையில் கூழ் ஒரே திசையில் ஓடுவதால் இழைகள் பெரும்பாலும் அத்திசையிலேயே படிகின்றன. ஆகையால் ஆலைத் தாள் ஒரு பக்கமாக எளிதில் சுருளும். மறு பக்கமாகச் சுருட்டினால் முறியும். கையால் அள்ளும் தாளிலோ, சட்டத்தை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைப்பதால் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்ளுகின்றன. அத்தாளில் வெட்டிய இதழ் எந்தப் பக்கம் வளைத்தாலும் வளையும்.

கூழும் தாளும்

பருத்தித் துணித் துண்டுகள் முதல் தரமான மூலப்பொருளாகும். தையற் கடைகளிலும், கடையநல்லூர், சங்கரன்கோவில் முதலிய நெசவூர்களிலும் துணிக் கழிவும் நூற் கழிவும் கிடைக்கும். செயற்கை இழை கலந்த துணி கூழாகாது. சந்தேகமுள்ள துணியில் ஒரு நூலை எரித்துப் பார்க்க வேண்டும். பருத்தி எரிந்து சாம்பலாகும். செயற்கை இழை உருகி மணியாகத் திரளும். வாழைத் தோட்டங்களில் தார் வெட்டியபின் வீணாகும் மட்டையின் நாரும் பயன்படும். மூன்று பங்கு துணிக்கு ஒரு பங்கு நார் சேர்த்து முதலில் பரீட்சை செய்யலாம். நாரின் நீண்ட இழை தாளுக்கு உறுதி தரும்.

துணியையும் நாரையும் ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கித் தனித்தனியே ஊறவைக்க வேண்டும். சலவைச் சோடா கரைத்த நீரில் நார் மிருதுவாகும் வரையில் வேகவைத்து, காரம் நீங்குமாறு பலமுறை அலசி, பின் இடிக்க வேண்டும். அரைக்கும் யந்திரம் இல்லாத இடத்தில் கல்லுரலும் உலக்கையும் போதும். கூழ் பதமாயிற்றா என்பதை அறிய, ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தம்ளர் நீரிலிட்டுக் குலுக்கிப் பார்ப்பது வழக்கம். கட்டி கட்டியாக மிதந்தால் மேலும் இடிக்க வேண்டும். மேகம்போல் பரவி நின்றால் பதம்.

சாயத்தைத் தாளின்மீது பூசாமல் கூழிலேயே ஏற்றுவது நல்லது. மஞ்சட் பொடியின் நிறம் வெயில் பட்டால் வெளுத்துவிடும். ஆகையால் விற்பனைச் சரக்குக்கு அது ஆகாது. பருத்தியில் நேரே ஏறும் சாயத்தை வெந்நீரும் உப்பும் சேர்த்து ஏற்றி, அலசும் நீர் தெளியும் வரையில் அலச வேண்டும். சோடா நீரையும் சாய நீரையும் சிற்றாற்றிலோ வாய்க்காலிலோ விடலாகாது. சிற்றாறு தாமிரவருணியில் கலப்பது. அதன் வழியிலுள்ள ஊரார் அந்நீரைக் குடிக்கவும் பாய்ச்சவும் செய்கின்றனர். கழிவு நீரைத் தனியே தேக்கிவைக்கத் தொட்டி அமைத்த பின்னரே வேலை துவக்க வேண்டும்.

கூழை நிறைய நீரில் கலக்கி, வலை பொருத்திய சட்டத்தால் அள்ளி, ஈரத் துணியின்மேல் கவிழ்த்து அடுக்கி, பாரம் வைத்து நீரைப் பிழிந்து, பின்னர் உலர்த்துவதே காகிதம் செய்யும் முறை. தை முதல் வைகாசி நடுப்பகுதி வரையில் உள்ள காலமே இப்பகுதிக்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழையும் இடையூறாகும்.

பூவும் மெழுகும்

எங்கும் கிடைக்கும் ரோஜாவை மட்டும் செய்வதில் விசேஷம் இல்லை. குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்குப் பெயர் தந்தது செண்பகம். இம்மலைகளின் அடிவாரத்து வேலிகளில் காந்தள் பூக்கிறது. செண்பகத்துக்குப் பதினைந்து முதல் இருபது வரை ஒடுங்கிய இதழ்கள் உண்டு. காந்தளுக்கு ஆறே இதழ்கள்; ஓரம் நெளிந்தும், அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் இருக்கும். அருவிக்கு வந்தவர் அவ்வூர்ப் பூவையே நினைவுப் பொருளாகக் கொண்டுபோக விரும்புவர் என்பதை ஊகிக்கலாம்.

இதழை வெட்டியபின் விரல் நுனியால் சிறிது ஈரம் காட்டி, மடித்த துணியின்மேல் வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தினால் குழிவு உண்டாகும். அப்படியே உலரவிட வேண்டும். காம்புக்கு இரும்புக் கம்பி உதவாது. சாரற் காற்றில் அது துருப்பிடித்துக் கறையேற்றும். தென்னை ஈர்க்கில் பச்சைத் தாள் சுற்றினால் செலவும் குறைவு, கறையும் இல்லை. புளியங்கொட்டைப் பசை நன்றாக ஒட்டும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷமாகையால் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

முடிந்த பூவை உருகிய மெழுகில் ஒரு முறை தோய்த்தெடுத்தால் ஈரக் காற்று எளிதில் தாக்காது. மெழுகுப் பாத்திரத்தை நேரே அடுப்பில் வைத்தல் அபாயம். வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்தே உருக்க வேண்டும். தோய்க்கும் முன் பூ முற்றிலும் உலர்ந்திருப்பது அவசியம். ஈரம் உள்ளே அடைபட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூக்களை அட்டைப் பெட்டியில் அடுக்குவது நலம். 2019-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டிருப்பதை விற்பனையாளர் மறக்கலாகாது.

ஒரு கிலோவின் கணக்கு

பூவுக்கு மெல்லிய தாளே வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 40 கிராம் எடையுள்ள தாள் என்று கொண்டால், ஒரு கிலோவில் 25 சதுர மீட்டர் கிடைக்கும். அது சாதாரண ஏ4 அளவில் 400 தாளாகும். கழிவு உட்பட ஒரு பூவுக்கு ஒரு தாள் செலவாகுமாயின், ஒரு கிலோவில் 400 பூக்கள் ஆகும். ஒருவர் மணிக்கு நான்கு பூச் செய்தால் 400 பூக்களுக்கு 100 மணி நேர வேலை. 20 அங்கத்தினர்கள் ஆளுக்கு ஒரு கிலோ எடுத்துக்கொண்டால் 8,000 பூக்கள். வேலையோ 2,000 மணி, அதாவது நாளைக்கு எட்டு மணியாக 250 நாள் கூலி.

இக்கணக்கிலிருந்து தெளிவாவது ஒன்று. மூலப்பொருள் 20 கிலோ மாத்திரமே. அதன் விலை அற்பம். முடங்கிக் கிடப்பது கூலி. சித்திரையில் செய்த வேலைக்கு ஆடியில்தான் பணம் வரும். இடையில் ஜூன் மாதம் வருகிறது. அம்மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறக்கின்றன; கார் சாகுபடிக்கும் செலவு வருகிறது. கையில் பூவும் வீட்டில் முடையும் உள்ள பெண், வைகாசியில் வந்து கேட்கும் வியாபாரிக்கு அவன் சொன்ன விலைக்கே கொடுத்துவிடுவாள். இரண்டு மாதம் கழித்து அதே பூ அருவிக்கரைக் கடையில் என்ன விலை போகிறது என்பதை அவள் பார்க்கவும் நேரிடும். அவளுடைய கைத்திறமையில் குறை இல்லை. காத்திருக்க இயலாமையே குறை.

சங்கம் செய்யத்தக்கது

1904-ம் வருஷச் சட்டம் கடன் கொடுக்கும் ஐக்கிய சங்கங்களுக்கே இடம் தந்தது. 1912-ம் வருஷச் சட்டம் உற்பத்தி, விற்பனை முதலிய காரியங்களுக்கும் சங்கம் அமைக்க வழி திறந்தது. கடனையும் விற்பனையையும் பிரித்துப் பார்த்தால் இத்தொழில் நிலைக்காது என்பதால் இரண்டும் இணைந்து நடக்க வேண்டும். உபவிதிகள் அனுமதிக்குமாயின் பின்வரும் ஏற்பாடு பொருத்தமாகும்.

முதலாவது, அங்கத்தினர் கொண்டுவரும் பூவைத் தரம் பார்த்து, எண்ணிக்கையும் தரமும் குறித்த ரசீது கொடுக்க வேண்டும். இரண்டாவது, ரசீதின் பேரில் மதிப்பில் ஒரு பாதியை முன்பணமாக உடனே கொடுக்க வேண்டும். மூன்றாவது, சரக்கைத் தரையிலிருந்து உயர்ந்த பலகைமேல், கரையானும் ஈரமும் அணுகாத அறையில் வைக்க வேண்டும். நான்காவது, விற்றபின் செலவு நீக்கி மிச்சத்தை ரசீதுப்படி பகிர வேண்டும். நஷ்டம் யாருடையது என்பதையும் முன்பே எழுதிவைத்தல் நன்று. பசை விட்டுப்போனால் செய்தவருடையது. அறையில் நனைந்து கெட்டால் சங்கத்துடையது. இவ்வளவும் வாய்ப்பேச்சில் நின்றால் முதற் சாரலிலேயே சச்சரவு உண்டாகும்.

குற்றாலத்தை மட்டும் நம்புதலும் கூடாது. வெள்ளம் பெருகினால் அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கப்படும்; அன்று கடைகளில் வியாபாரம் இல்லை. 2020-ம் வருஷத்தில் கொரோனா நோய் காரணமாக அந்தச் சீசன் முழுவதுமே பாழாயிற்று. ஆகையால் சரக்கில் ஒரு பகுதியை நவராத்திரிக் கொலுவுக்கும், கல்யாண மண்டபங்களுக்கும், கார்த்திகை மார்கழியில் அருவிக்கு வரும் ஐயப்ப பக்தர்களுக்கும் ஒதுக்கிவைக்க வேண்டும். தெய்வ பூஜைக்கும் கூந்தலுக்கும் உரியது புதுப் பூவே. காகிதப் பூவை அதற்குப் போட்டியாக நிறுத்துவது அண்டையிலுள்ள பூ விவசாயிக்குத் தீங்கு; விற்பனைக்கும் பயனில்லை. முதல் வருஷத்தில் சிறு அளவில் துவங்கி, சீசன் முடிவில் முக்காற் பங்காவது விற்றால் மாத்திரம் மறு வருஷம் பெருக்கலாம்.

பந்தயம்

தரத்தை உயர்த்துதற்கு அபராதத்தைவிடப் பந்தயம் சிறந்த வழி. பங்குனியில் சங்கத்தின் பொதுக் கூட்டத்தன்று அங்கத்தினர் யாவருக்கும் ஒரே நிறத்தில் இரண்டு தாளும் ஓர் ஈர்க்கும் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் ஒரு செண்பகம் செய்யச் சொல்லலாம். அழகை மட்டும் பார்த்துப் பரிசளிப்பது போதாது. பூக்களை மெழுகில் தோய்த்து, ஈரத் துணி மூடிய கூடையில் ஓர் இரவு வைத்து, மறுநாட் காலையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இதழ் தளராமல், சாயம் கசியாமல், பசை விடாமல் நிற்கும் பூவுக்கே பரிசு. அந்தப் பூவைச் சங்கக் கட்டடத்தில் மாதிரியாக வைத்துவிட்டால், தரம் பார்ப்பவரும் செய்பவரும் வாதிட இடமிராது.

சாரலை நிறுத்த ஒருவராலும் இயலாது, நிறுத்தவும் வேண்டுவதில்லை. வாங்குவோரை அழைத்து வருவதே சாரல். அது வருமுன் காகிதம் உலர்ந்திருக்கவும், பூ மெழுகேறியிருக்கவும், செய்தவள் கையில் பாதிக் கூலியாவது சேர்ந்திருக்கவும் ஏற்பாடு செய்வதே சங்கத்தின் வேலை. அவ்வேலை பங்குனியிலும் சித்திரையிலும் முடிந்துவிட்டால், ஆடி மாதத்தில் விலை சொல்லும் உரிமை அவளிடத்தில் இருக்கும்.